லிட்டருக்கு நாற்பது மில்லி

போன மாதம் நான் வேலை பார்த்த மர டிப்போவிலிருந்து போன் செய்தார்கள். பேட்டரியில் ஓடுகிற மரம் அறுக்கும் மிஷின் வந்திருக்கிறது, பழைய ஆள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். விரலால் அழுத்தினால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நிற்கிறது. புகை இல்லை, நாற்றம் இல்லை, பக்கத்தில் நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசலாம். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிற ரகம் இல்லை நான். அந்தக் காலத்தில்தான் என் வலது காது போனது. அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று எந்தச் செவிடன் கேட்பான்?

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண், மூலையில் கிடந்த பழைய பெட்ரோல் மிஷினைக் காட்டி, "இதுக்குப் பெட்ரோல்ல ஆயிலு கலக்கணும்னு சொல்றாங்களே, எவ்ளோங்க கலப்பீங்க?" என்று கேட்டாள்.

"லிட்டருக்கு நாப்பது மில்லி. இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

"அத யாருங்க முடிவு பண்ணாங்க?"

நல்ல கேள்வி. முப்பத்தோரு வருஷ வேலையில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. நின்றபடியே சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை அது. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் பெயர் முனுசாமி. வடக்கனந்தல் பக்கம். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தைத் தாண்டி இருந்த ஒரு மர டிப்போவில் வேலை பார்த்தேன். எந்தத் துறை என்று எழுதவில்லை. துறை இன்னும் இருக்கிறது, நானும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். காற்றில் சாய்ந்த மரங்களையும், வெட்ட உத்தரவான மரங்களையும் அறுத்து மலையிலிருந்து இறக்குவது எங்கள் வேலை. முதல் ஆறு வருஷம் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இழுக்கிற ரம்பம். அந்த ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் இழுத்தேன், எதிராளி இழுத்தான், மறுபடியும் நான் இழுத்தேன்.

அப்புறம் மிஷின் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு, இரண்டே இரண்டு. முதல் நாள் மலையில் அதை ஓட்டிக் காட்டியபோது, நாங்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை இழுக்கிற மரம் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் இரண்டாகக் கிடந்தது. நான் அறுபட்ட முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. என் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறு வருஷம் தோள்பட்டை தேய இழுத்தவனுக்குத்தான் அந்தச் சிலிர்ப்பு புரியும். அன்றே முடிவு செய்தேன், இதை ஓட்டுகிற ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஆகிவிட்டேன்.

இந்த மிஷினின் குணத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. மொபெட்டுக்கும் மர மிஷினுக்கும் அப்படி இல்லை. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் உள்ளே ஓடுகிற பிஸ்டனுக்குத் தீனியும் மருந்தும். ஆயில் கம்மியானால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஜாஸ்தியானால் புகை கக்கும், தீப்பொறி போடுகிற பிளக்கில் கரி கட்டும், பாதி மரத்தில் நின்றுபோகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது எங்கள் தொழிலில் பழமொழி இல்லை, தினப்படி சங்கதி.

நான் அப்போது கண் அளவில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆயில் டப்பாவின் மூடியில் இரண்டு, பெரிய மரமாக இருந்தால் மூன்று. ஒரு நாள் வெள்ளிமலைக்கு மேலே, மரத்தின் நடுவில், கிரீச்சென்று ஒரு சத்தம். கயிற்றை இழுத்தேன், அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. புது மிஷினைப் பாழாக்கிவிட்டு, வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு டிப்போவுக்கு இறங்கினேன்.

அங்கே புதிதாகப் பொறுப்பேற்று வந்திருந்தார் தனசேகரன். களமருதூர்க்காரர், விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். மீசை கூடச் சரியாக முளைக்காத பையன் நம்மை மேய்க்க வந்திருக்கிறான் என்று எங்களுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. அவர் மிஷினை வாங்கி, ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் வைத்துப் பிரித்தார். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்கினார். பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடாக இருந்தது.

"எவ்ளோங்க ஊத்துனீங்க?"

"ரெண்டு மூடி சார்."

"எந்த டப்பா மூடிங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் வந்த டப்பாவின் மூடி பழையதைவிடச் சின்னது. அவர் திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "மூடிய நம்பாதீங்க அண்ணே" என்றார், அவ்வளவுதான். மறுநாள் கச்சிராயபாளையம் போய், மாட்டு வைத்தியர் வைத்திருக்கிற மாதிரி கோடு போட்ட பெரிய கண்ணாடி ஊசி ஒன்றை வாங்கி வந்தார். இனி ஆயில் அதில்தான். நாங்கள் சும்மா இருப்போமா? அவருக்கு 'ஊசி சார்' என்று பெயர் வைத்தோம். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

மிஷினோடு வந்த புத்தகத்தில் ஐம்பதுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. அதாவது லிட்டருக்கு இருபது மில்லி. ஆனால் அது அந்தக் கம்பெனியின் சொந்த ஆயிலுக்கு. நமக்குக் கிடைத்ததோ பெட்ரோல் பங்கில் மொபெட்டுக்கு ஊற்றுகிற சாதா ஆயில். புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதா, வேண்டாமா? எழுதினவன் நம் மலையைப் பார்த்ததில்லையே என்றார் தனசேகரன். மூன்று வாரம் சோதித்தார். ஒரு நாள் லிட்டருக்கு ஐம்பது மில்லி, ஒரு நாள் நாற்பது, ஒரு நாள் முப்பது, ஒரு நாள் இருபத்தைந்து. ஒரே வகை மரம், ஒரே கனம். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, அளவை எழுதிய காகிதத்தில் சுற்றி வைத்துக்கொள்வார். கடைசி நாள் எல்லாவற்றையும் வரிசையாகப் பிரித்து வைத்து எங்களைக் கூப்பிட்டார். ஐம்பதில் ஓடினது அடுப்புக் கரி. இருபத்தைந்தில் ஓடினது வெளுத்துப்போன எலும்பு. நாற்பதில் ஓடினது மட்டும் நல்ல காப்பித்தூள் நிறம்.

"இதாங்க நம்ம அளவு" என்றார். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிற ஒன்றை, பிளக்கின் முனையில் நிறமாகப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஊசி சார் என்று நான் கிண்டலாகச் சொன்னதில்லை.

அடுத்த வருஷமே அந்த மறியல் வாரம் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்து, ஒரு வாரம் எந்த வண்டியும் போக விடவில்லை. கேட்பதில் நியாயம் இருந்தது. பயமும் இருந்தது. நான் போராடின சனத்தைச் சேர்ந்தவன் இல்லை. கூலி வேலைக்காரர்கள் இருக்கிற எங்கள் தெருவில் அந்த வாரம் யாரும் ரோட்டுப் பக்கம் போகவில்லை. நான் டிப்போவிலேயே தங்கிவிட்டேன். போன் கம்பி அறுந்து கிடந்தது. பெட்ரோல் வரவில்லை, பீப்பாய் காலி.

நாலாம் நாள் காலை, சைக்கிளில் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். சட்டையில் ரத்தம். சின்னசாமி என்று பெயர். அவர் தம்பி ஏழுமலை மரத்தடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். விடியும் நேரத்தில் புதிதாக ஒரு மரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். அது நினைத்த பக்கம் விழாமல் புரண்டு, ஒரு பெரிய கிளை அவன் தொடை மேல் உட்கார்ந்துவிட்டது. ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்ததால் உயிர் தப்பியிருக்கிறது.

"கடப்பாறையால நெம்பிப் பாத்தமுங்க. மரம் ஒரு விரக்கட எறங்கிக்கிச்சு. அவன் போட்ட சத்தத்துல எல்லாரும் கைய எடுத்துட்டோம். கோடாலி வெச்சா மரம் அதிருது, அவன் துடிக்கிறான். இழுக்கற ரம்பத்துக்கு அந்தப் பள்ளத்துல எதிராளு உக்கார எடமில்ல. ஒங்க மிஷினு இருக்குதுன்னு சொன்னாங்க..."

மேலிடத்து உத்தரவு இல்லாமல் மிஷினை வெளியே எடுக்கக் கூடாது என்று மறியலுக்கு முன்பே ஓலை வந்திருந்தது. நான் தனசேகரனைப் பார்த்தேன். அவர் ஊசியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உத்தரவு?"

"கேக்கறதுக்குப் போனு இல்லியே அண்ணே. வாங்க."

மிஷினின் தொட்டியில் நேற்றைய கலவை ஒரு டம்ளர் இருக்கும். ஆயில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டோம். மிஷினை என் சைக்கிளில் கட்டினேன். வழியில் சின்னசாமி ஒரு விஷயத்தைச் சொன்னார். சொல்லவே சங்கடப்பட்டார்.

"சார், மிஷின பாத்தா சனங்க ரோட்ட தொறக்க வந்தீங்கன்னு நெனச்சிக்கும். ஒடச்சிப் போட்டாலும் போட்டுடுவாங்க."

"கெளய மட்டும் அறுப்போங்க. ரோட்டுல கெடக்கற மரத்தத் தொட மாட்டோம். நான் சொல்றேன்னு சொல்லுங்க" என்றார் தனசேகரன்.

அங்கே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மிஷினைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு. நான் சைக்கிளைத் தனசேகரனுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது? நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அந்த இடத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு என்பது மற்றவர்கள் ஒதுங்கியதிலேயே தெரிந்தது.

"நீங்க எந்த ஊருங்க?" என்று தனசேகரனைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி ஊரோடு நிற்காது, சாதி வரைக்கும் போகும்.

"களமருதூருங்க" என்றார் இவர். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பிறகு சின்னசாமியிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக் கையமர்த்தினார். "சரிங்க. ஒங்க வார்த்தைதான்" என்று வழி விட்டார்.

ஏழுமலைக்கு முப்பது வயது இருக்கும். குத்தகை நிலம் பார்க்கிறவன். பள்ளத்தில் மல்லாக்கக் கிடந்தான், முகம் சாம்பல் பூத்திருந்தது. கிளை ஒரு ஆளின் இடுப்புத் தடிமன். ஒரு முனை அடிமரத்தோடு ஒட்டி மேலே நிற்கிறது, மறு முனை பள்ளத்தின் எதிர்க் கரையில் அழுத்துகிறது. நடுவில் அவன் தொடை. மரத்தின் பாரம் எல்லாம் அந்தக் கிளை வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் அடிமரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு கிளையை மேலிருந்து கொஞ்சம், மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். மிஷின் நடுவில் நின்றால் அறுத்த வாய் மூடி, அறுக்கிற சங்கிலியை அப்படியே கவ்விக்கொள்ளும். கிளையும் இறங்கும். இரண்டாவது முயற்சி என்று ஒன்று கிடையாது. புளிய மரத்தின் வயிரம் கருங்கல் மாதிரி. ஒரு டம்ளர் கலவை பாதி அறுக்கக்கூட வராது.

"மொபெட்டு வெச்சிருக்கறவங்க எத்தினி பேருங்க?" என்று கூட்டத்தைக் கேட்டார் தனசேகரன்.

நாலு மொபெட், ஒரு புல்லட். மொபெட்காரர்கள் நாலு பேரும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். நாலு நாளாகப் பங்கு மூடியிருந்த நேரம், பெட்ரோல் பாலைவிட அருமை. அவர்கள் கலவரக்காரர்கள் என்று நானும் நாலு நாளாகப் பேசிக்கொண்டிருந்தவன்தான்.

ஆனால் மொபெட் பெட்ரோலில் ஏற்கெனவே ஆயில் இருக்கும். எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவனும் ஒரு கணக்கு வைத்திருப்பான். தனசேகரன் ஒரு காகிதம் கேட்டார். யாரோ மறியல் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் எங்கள் தொட்டிக் கலவையில் ஒரு சொட்டு விட்டார். அது லிட்டருக்கு நாற்பது, நமக்குத் தெரிந்த அளவு. பிறகு அதே கலவையில் சமமாகப் புல்லட் பெட்ரோல் சேர்த்து ஒரு சொட்டு. புல்லட்டில் ஆயில் கலப்பதில்லை, ஆகவே அது லிட்டருக்கு இருபது. பக்கத்தில் நாலு பாட்டிலிலிருந்தும் நாலு சொட்டு. வெயிலில் பெட்ரோல் பறந்துபோய், காகிதத்தில் ஆயில் வட்டங்கள் மட்டும் நின்றன. சிலது பெரிசு, சிலது சிறிசு, சிலது மங்கல், சிலது பளிச்.

நூறு பேர் மூச்சு விடாமல் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். நானும்தான். ஒரு நோட்டீசின் முதுகில் நாலு இன்ஜினின் ரகசியத்தை எடுத்து வைத்துவிட்டாரே இந்த மனிதர் என்று மலைத்து நின்றேன்.

ஒரு சொட்டு காயவே இல்லை. தனசேகரன் அந்தப் பாட்டிலை முகர்ந்தார்.

"இதுல மண்ணெண்ண இருக்குதுங்களே."

பாட்டில்காரர் தலையைச் சொறிந்தார். "ரேசன்ல வாங்கனது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுங்க..." அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். இன்னொன்றில் பாதிக்குப் பாதி ஆயில். அந்த மொபெட் எப்படி ஓடியது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மீதி இரண்டு பாட்டிலின் வட்டமும் இருபது மில்லி வட்டத்தோடு அச்சாகப் பொருந்தின. இரண்டும் சேர்ந்து ஒரு லிட்டர்.

"இது போதும் அண்ணே. கேன்ல ஊத்தி ஆயில் சேருங்க" என்று ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டு, முட்டுக் கொடுக்கிறவர்களிடம் போனார்.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பள்ளத்திலிருந்து ஏழுமலை ஒருமுறை முனகினான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கை நுழைந்தது, வேலையையும் செய்துவிட்டது. ஒரு லிட்டரைக் கண்டால் ஊசியில் நாற்பது இழுத்துத்தான் அதற்குப் பழக்கம். இழுத்தது, ஊற்றியது. ஊற்றிக் கேனைக் குலுக்கின பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஏற்கெனவே இருபது இருந்தது, நான் இன்னொரு இருபதுதான் சேர்த்திருக்க வேண்டும். இப்போது லிட்டருக்கு அறுபது. பாதி மரத்தில் பிளக் கரி கட்டி நிற்கிற அளவு. அதோடு கரும்புகை முழுவதும் பள்ளத்தில் கிடக்கிறவன் மூஞ்சியில் போகும்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. போய்ச் சொன்னேன்.

"சார், கெடுத்துட்டேன். நாப்பது ஊத்திட்டேன்."

அவர் ஒரு விநாடி கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"அரை லிட்டரு சுத்தப் பெட்ரோலு சேந்தா ஒன்றரை லிட்டருக்கு அறுபது. லிட்டருக்கு நாப்பது வந்துடும். கெடல அண்ணே."

சுத்தப் பெட்ரோல் புல்லட்டில்தான் இருந்தது. அதன் சொந்தக்காரர் நிலபுலன் உள்ளவர், அவர் வயலில்தான் ஏழுமலை குத்தகைக்கு இருந்தான். சொட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் கொடுத்தவர் அரை லிட்டர் என்றதும் தயங்கினார். "எங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியல. அவசரத்துக்கு வண்டியில அவ்ளோதான் வெச்சிக்கினு இருக்கறேன்" என்றார். பொய் இல்லை என்று நரைமீசைப் பெரியவரும் சொன்னார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. தனசேகரன் அவரைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனார். ஏழுமலை கண்ணைத் திறந்து, "வாங்க" என்றான். வீட்டு வாசலில் நின்று அழைக்கிற மாதிரி. புல்லட்காரர் திரும்பி வந்து தானே குழாயைப் பிடுங்கினார்.

பள்ளத்துக்கு வெளியே வைத்து மிஷினைக் கிளப்பினேன். ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தனசேகரனிடம் நீட்டினேன். அவர் வெயிலில் திருப்பிப் பார்த்தார். காப்பித்தூள் நிறம்.

இறங்கினோம். சின்னசாமி தம்பியின் முகத்தை ஈரத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்தேன். பிறகு முழங்காலில் உட்கார்ந்து, மிஷினைப் புரட்டிப் பிடித்து, கீழிருந்து. என் முழங்கைக்கும் அவன் தொடைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தனசேகரன் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, காதைச் சாய்த்து மிஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு தடவைகூடக் கம்மவில்லை, இருமவில்லை. கறுத்த வயிரத்துக்குள் போனபோது சுருதி கொஞ்சம் இறங்கி, அப்படியே பிடித்து நின்றது. நான் எத்தனையோ வருஷம் மிஷின் ஓட்டினேன், அப்படி ஒரு ஓட்டத்தைக் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளை விட்டது. முட்டு தாங்கியது. நாற்பது கைகள் அறுந்த துண்டைத் தூக்கின. ஏழுமலையை வெளியே எடுத்தோம். கால் கோணிக் கிடந்தது, ஆனால் விரல் அசைந்தது.

மிஷின் சத்தம் கேட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு ஜீப் வயல் வழியாகச் சுற்றி மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது. இறங்கினவர் ஒரு அதிகாரி, கூட நாலைந்து போலீஸ்காரர்கள். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். ஒரு கேள்வி கேட்காமல் தன் ஜீப்பைக் கொடுத்தார். மரத்துக்கு மேலாக ஏழுமலையைத் தூக்கிக் கொடுத்தோம். அண்ணனும் ஏறிக்கொள்ள, ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

அப்புறம் அதிகாரி தனசேகரனைக் கூப்பிட்டார்.

"பெட்ரோல் இன்னும் இருக்கா?"

"இருக்குதுங்க."

"அப்ப இந்த மரத்தையும் அறுத்து விட்டுடுங்க. அங்க ரெண்டு பஸ் நாலு நாளா நிக்குது. குழந்தைங்க இருக்கு."

அவர் கேட்டதும் நியாயம்தான். நானாக இருந்தால் அறுத்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். கேனில் முக்கால் லிட்டர் இருந்தது. நான் தப்பாக ஊற்றி, அதைச் சரிக்கட்டச் சேர்த்ததால் மிச்சமானது. இந்த மரத்துக்குத் தாராளமாகப் போதும். நரைமீசைப் பெரியவர் தனசேகரனைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. சும்மா பார்த்தார்.

வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரிடம் கொடுத்தாய் என்பது அடுத்த கேள்வி. பெரியவர் அன்றே ஜெயிலுக்குப் போவார். தனசேகரன் கேனைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, கீழே வைத்தார்.

"கலவ தப்பாப் பூடுச்சுங்க. இத ஊத்தி ஓட்டுனா மிஷினு புடிச்சிக்கும்."

"இப்பதானே ஓடுச்சு?"

"எப்படியோ ஓடிடுச்சுங்க. இனிமே ஓடாதுங்க."

"யார் கலந்தது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு முன்னால் அவர் குரல் போய்விட்டது.

"நான்தாங்க. அளவு தெரியாம கலந்துட்டேன்."

அங்கே நின்ற அத்தனை பேரும் அந்த மிஷின் ஓடினதைக் கேட்டவர்கள். காகிதத்தில் சொட்டு விட்டதைப் பார்த்தவர்கள். சிலர் வீட்டுப் பெட்ரோல் அந்தக் கேனில் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் நொண்டுவான், ஆனால் நிலத்தில் இறங்கி வேலை செய்தான். அந்த வாரம் முடிந்து ரோடுகளும் திறந்துவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தனசேகரனுக்கு அது தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

ஒரு மாதம் கழித்து மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் மிஷினை எடுத்துச் சென்றது ஒன்று. எரிபொருள் கலவையின் சரியான அளவை அறியாமல் அரசு இயந்திரத்துக்குச் சேதம் விளைவிக்க இருந்தது இன்னொன்று. விளக்கம் எழுதித் தர வேண்டும்.

"ரெண்டாவது நான் செஞ்சது சார். நான் எழுதித் தரேன்" என்றேன்.

"நீங்க செஞ்சத அங்கியே சரி பண்ணிட்டமே அண்ணே. அப்புறம் எங்க இருக்குது அது?" என்றார்.

மூன்று வாரம் பிளக்குகளைக் காகிதத்தில் சுற்றி வைத்து அளவு கண்டுபிடித்த மனிதர், கலவையின் அளவு எனக்குத் தெரியவில்லை, தவறை ஒப்புக்கொள்கிறேன் என்று தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்தக் காகிதத்தால்தான் தள்ளிப்போனது.

அதைக் கள்ளக்குறிச்சி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் தந்தார். டவுன் பஸ்ஸில் வழி முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழித்துப் போடக் கை வரவில்லை, கொடுக்க மனசு வரவில்லை. பெரியவருக்கு அவர் கொடுத்த வார்த்தை அந்தக் காகிதத்துப் பொய்யில்தான் நின்றது, உண்மை வெளியே வந்தால் பெரியவர் மாட்டிக்கொள்வார். ஆபீஸ் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய்க் கொடுத்துவிட்டேன்.